மோட்டார் சைக்கிளுக்கு ஒரு மாடி

சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த ஜாசின் வீட்டுக்கு மாடி கிடையாது. மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் இருந்தது.

மலாயாவில் காட்டுக்குள் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எனக்கு எட்டு வயது இருக்கும். அதற்கு முன்பு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அம்மாவின் அண்ணனான என் மாமா அதே தோட்டத்தின் கீழ் டிவிஷனில் கண்டக்டர். இருட்டோடு ஆள் கூட்டி, பெரட்டில் பெயர் கூப்பிட்டு, பால் வெட்டுக்காரர்களைக் காட்டுக்குள் அனுப்பிவிட்டு, பகல் முழுவதும் மரங்களுக்கிடையே நடந்து வேலை பார்ப்பவர். மாமா கட்டியிருந்தது என் அப்பாவின் தங்கையை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். என் அம்மாவுக்கு அத்தை அண்ணன் மனைவி. அத்தைக்கு அம்மாவும் அண்ணன் மனைவி. அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'அண்ணி' என்றே கூப்பிடுவார்கள். எந்த அண்ணி எந்த அண்ணியைக் கூப்பிடுகிறார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்படி இரட்டை முடிச்சுப் போட்ட குடும்பத்தில் ஆண்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரு பெனால்டி. இரண்டு டிவிஷன்களுக்கும் நடந்த பந்தாட்டத்தில் அப்பா மேல் டிவிஷனுக்குக் கோல் காத்தார். விசில் ஊத வேண்டியவர் வராததால், நியாயஸ்தர் என்று பெயரெடுத்திருந்த மாமாவிடம் விசிலைக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், பந்தைப் பிடிக்கப் பாய்ந்த அப்பாவின் முழங்கை எதிராளியின் மூக்கில் பட்டது. முழங்கை போய் மூக்கில் பட்டதா, மூக்கு வந்து முழங்கையில் பட்டதா என்பதில்தான் வழக்கு. மாமா விசில் ஊதினார். கோல் விழுந்தது. மேல் டிவிஷன் தோற்றது. மறுநாளிலிருந்து 'மச்சான்' என்ற சொல் எங்கள் வீட்டில் கேட்கவில்லை. பெண்கள் இருவரும் வழக்கம்போல் பேசிக்கொண்டார்கள், குழம்பு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆண்களுடைய மௌனத்தை அவர்கள் வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளியைப்போல நடத்தினார்கள். அது என்றைக்காவது கிளம்பிப் போய்விடும் என்று நினைத்திருக்கலாம்.

தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ஆபீஸ் ஊழியர்களின் வீடுகள் வேலிக்கு வெளியே தனியாகக் கிடந்ததால், பெண்டு பிள்ளைகளை டவுனில் வைத்துவிடும்படி துரை சொல்லிவிட்டார். அப்பா ஜாசினில் ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்போம், பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்தார். தினமும் ஊரடங்கு விலகும் விடியலில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் ஊரடங்குக்குள் திரும்புவார். வழியில் போலீஸ் சோதனை உண்டு. டவுனிலிருந்து ஒரு பொட்டலம் சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். அப்பா மத்தியானத்தில் என்ன சாப்பிட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சில மாதங்கள் கழித்துக் கீழ் டிவிஷனில் மாமாவின் குவாட்டர்ஸ் எரிந்துபோனது. அடுப்பிலிருந்து தீப்பிடித்தது என்று எனக்குச் சொன்னார்கள். அன்றைக்கு மாமா குடும்பமே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. அவர்கள் வீட்டில் அடுப்பு மூட்ட ஆளே இல்லை. இதையெல்லாம் யோசித்துப் பார்க்கிற வயதா அது? விருந்துக்கு வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டதில் எனக்கு ஒரே கொண்டாட்டம். அத்தையின் கைக்குழந்தையை இனி தினமும் தூக்கலாம். தீயில் மிஞ்சியதைப் பார்த்துவரப் போன மாமா ஒரு தகரப் பெட்டியோடு திரும்பினார். வாசலில் நின்றிருந்த அப்பா அதைக் கையில் வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். 

மனிதர்களுக்கு எப்படியோ இடம் கிடைத்துவிட்டது. கிடைக்காதது மாமாவின் மோட்டார் சைக்கிளுக்குத்தான். வண்டியை ராத்திரியில் வெளியே நிறுத்த முடியாது. நிறுத்தினால் காட்டுக்காரர்கள் எடுத்துப்போவார்கள், இல்லாவிட்டால் காட்டுக்காரர்கள் எடுத்துப்போவார்களே என்று போலீஸ் எடுத்துப்போகும். வீட்டையொட்டி ஒரு கார்க் கொட்டகை இருந்தது. தவுக்கேயின் அப்பா காலத்தில் சின்னக் கார் ஒன்று நிற்பதற்காகக் கட்டியது. ஆனால் அதன் பின்பாதி முழுவதையும் இரண்டு இரும்பு மிஷின்கள் அடைத்துக்கொண்டிருந்தன. ரப்பர் பாலை உறையவைத்து ஷீட்டாக அழுத்துகிற உருளை மிஷின்கள். காட்டோரத்தில் இருந்த தன் சின்னத் தோட்டத்தைப் போட்டுவிட்டு வந்த தவுக்கே, அவற்றை லாரியில் கொண்டுவந்து அங்கே இறக்கியிருந்தார். நகர்த்த எட்டு ஆள் வேண்டும். முன்பாதியில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கலாம். அதுவும் கைப்பிடியை ஒருபக்கமாகத் திருப்பி வைத்தால். அதில் அப்பாவின் வண்டி நின்றது.

"மிஷினுக்கு மேல பரண் கட்டிட்டா என்ன?" என்று கேட்டது அத்தைதான். "சட்டி பானைக்குக் கட்டுறோம், வண்டிக்குக் கட்டக்கூடாதா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. மாமா புலாவ் செபாங் ஸ்டேஷனில் தெரிந்த ஆள் மூலமாகக் கழித்துப்போட்ட தண்டவாளக் கட்டைகளை லாரியில் வரவழைத்தார். அப்பா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டார். ஆளுக்கொரு வேலை. ஆனால் ஒருவர் பிடிக்க ஒருவர் அடிக்க வேண்டிய வேலையைப் பேசாமல் எப்படிச் செய்வது? அதற்கு நான் இருந்தேன்.

"ஒங்க மாமாகிட்ட சொல்லு, ஏத்துற பலகை ரொம்பச் செங்குத்தா இருக்கு, வண்டி ஏறாதுன்னு" என்பார் அப்பா. மாமா கைக்கெட்டும் தூரத்தில் ரம்பத்தோடு நிற்பார். நான் அவர் பக்கம் திரும்பி, "மாமா, பலகை செங்குத்தா இருக்காம்" என்பேன்.

"ஏறலன்னா நான் தோள்ல தூக்கி வச்சுக் காட்டுறேன்னு சொல்லு."

"அப்பா, மாமா தோள்ல தூக்குவாராம்."

"அவர் தோளு தாங்கும். பலகை தாங்கணுமே, அதக் கேளு."

இப்படியே போகும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காது என்பது உண்மைதானே? போகப்போக அவர்கள் சொல்வதைச் சுருக்கிச் சொல்லவும், நானாக ஒரு 'தயவுசெஞ்சு' சேர்த்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டேன். ஒருமுறை சுத்தியல் தவறி அப்பாவின் கட்டைவிரலில் விழுந்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமா என்னைப் பார்க்காமல் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு, "போய்த் தண்ணி கொண்டா. ஓடு, ஓடு லா" என்றார். நான் தண்ணீரோடு வந்தபோது அப்பாவின் விரல் மாமாவின் உள்ளங்கையில் இருந்தது. என்னைக் கண்டதும் விட்டுவிட்டார்.

கட்டி முடித்ததும் அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. மிஷின்களுக்கு மேலே அப்பாவின் மார்பு உயரத்துக்கு ஒரு கட்டைத் தளம். தளத்தின் முன்விளிம்பில் கீல் வைத்து மாட்டிய நீளமான பலகை. கயிற்றை விட்டால் பலகை சரிவாகத் தரையில் வந்து படியும். வண்டியை அதில் மேலே தள்ளிவிட்டுக் கப்பியில் கயிற்றை இழுத்தால் பலகை எழும்பி நின்றுகொள்ளும். அதன் பிறகு முன்பாதியில் அடுத்த வண்டியை நிறுத்தலாம். அதில் ஒரே ஒரு சங்கடம். பலகை விழுகிற இடமும் கீழ்வண்டி நிற்கிற இடமும் ஒன்றுதான். ஆகவே முதலில் வந்த வண்டி மேலே போக வேண்டும், பிறகு வந்தது கீழே. காலையில் கீழே நிற்பது வெளியே போன பிறகுதான் மேலே இருப்பதை இறக்க முடியும். இறக்குவதும் லேசான வேலை இல்லை. அம்மா, அத்தை, நான் எல்லோரும் முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குள் கீழ்வண்டிக்காரர் பசாரைத் தாண்டிப் போயிருப்பார்.

தவுக்கே வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதன் பிறகுதான் அந்தக் கூத்து தொடங்கியது. இருவருக்குமே கீழ் இடம்தான் வேண்டியிருந்தது. கீழ் இடம் வேண்டுமானால் சாயங்காலம் பிந்தி வர வேண்டும். ஆகவே இருவரும் பிந்தி வர ஆரம்பித்தார்கள். தோட்டத்திலிருந்து டவுனுக்குள் வந்த பிறகும் வீட்டுக்கு வராமல் அப்பா மூலையிலிருந்த கோப்பிக் கடையில் உட்கார்ந்துகொள்வார். மாமா எதிர்ச்சாரியில் முடிவெட்டும் கடையில், வெட்டுவதற்கு முடியே இல்லாத தலையோடு உட்கார்ந்திருப்பார். இவர் கிளம்பட்டும் என்று அவர், அவர் கிளம்பட்டும் என்று இவர். அம்மா என்னை அனுப்புவார். நான் போய்க் கூப்பிட்டால், "நீ போம்மா, கோப்பி சூடா இருக்கு" என்பார் அப்பா. கோப்பி ஆறி ஆடை கட்டிக் கிடக்கும்.

ஊரடங்குச் சங்கு ஊதப்போகும் நேரத்தில் இரண்டு வண்டிகளும் ஒன்றாகக் கிளம்பும். எங்கள் சந்து முனையில் வந்ததும் இரண்டும் நடைவண்டிபோல ஊர்ந்து, கடைசியில் நின்றேவிடும். மாமா கையை நீட்டி வழிவிடுவார், முதலில் போங்கள் என்று. அப்பா காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருநாள் அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்துக்கே வந்துவிட்டார். "ரெண்டு பேரும் இப்படியே நில்லுங்க, போலீஸ் வந்து ரெண்டு வண்டியையும் அவன் கொட்டாயில போட்டுக்கட்டும்" என்றார். அன்றைக்கு அப்பாதான் முதலில் உள்ளே வந்தார்.

எனக்கு அவர்கள் இருவர்மீதும் கோபமாக வந்தது. வண்டியை மேலே ஏற்றி இறக்குகிற சிரமத்துக்குச் சோம்பல்பட்டுக்கொண்டு பெரியவர்கள் இப்படி அடித்துக்கொள்வார்களா? எங்கள் பள்ளிக்கூடத்தில் முன்பெஞ்சுக்குச் சண்டை போட்டால் வாத்தியார் இருவரையும் வெளியே நிறுத்திவிடுவார்.

அம்மா ஒருநாள் அத்தையிடம் மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது. "ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா என்ன அண்ணி? ஒருத்தருக்கு ஒருத்தர் தொணையா இருக்கும்ல."

"தொரையே வேணாம்னு சொல்லியிருக்காராம் அண்ணி. சேர்ந்து போனா சேர்ந்தே..." என்று அத்தை ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, அரிசியில் இல்லாத கல்லைப் பொறுக்கினார்.

கடைசியில் அம்மாதான் முடிவு கட்டினார். சோறு போட்டு வைத்துவிட்டு, தட்டைத் தொடவிடாமல், இருவருக்கும் நடுவில் நின்று சொன்னார். "இன்னிலேருந்து மொறை. ஒரு நாளைக்கு அண்ணன் வண்டி கீழ. மறுநாள் இவர் வண்டி கீழ. கோப்பிக் கடை, முடிவெட்டுக் கடை எல்லாம் கெடையாது. சரின்னா சாப்பிடுங்க." அப்பா மாமாவைப் பார்க்காமல் தலையை அசைத்தார். மாமாவும் அசைத்தார். அன்று முதல் சந்தில் அமைதி வந்தது. வேடிக்கை போய்விட்டதே என்று அக்கம்பக்கத்தாருக்கு மட்டும் வருத்தம்.

முறை ஒழுங்காகத்தான் நடந்தது. மழைக்காலம் வந்தது. மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலோடு வேலைக்குப் போய்விட்டு, ஒருநாள் வழக்கத்துக்கு முன்னதாகவே வந்து, வண்டியைக் கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அன்று அவருடைய முறை, கீழ் இடம் அவருக்கு. அப்பா வந்ததும் அப்பாவின் வண்டியை மேலே ஏற்றிவிட்டு மாமாவின் வண்டியைக் கீழே நிறுத்த வேண்டும். அத்தை கஷாயம் வைத்துக் கொடுத்தார். மாமா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்கிப்போனார்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் அப்பா வந்தார். மாமா படுத்திருப்பதை எட்டிப் பார்த்தார். நெற்றியில் கை வைக்கப் போனவர், வைக்காமல் திரும்பி வந்து, கொட்டகைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துப் பலகையை இறக்கினார். பிறகு மாமாவின் வண்டியைப் பலகையின் நுனிக்கு உருட்டிக்கொண்டு வந்தார்.

"அது அண்ணன் வண்டியாச்சே" என்றார் அம்மா. "இன்னிக்கு அண்ணன் மொறைல்ல?"

"காய்ச்சல்காரன். காலைல மெதுவா எந்திரிக்கட்டும். தள்ளுங்க."

அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். அம்மா ஒருபுறமும் அத்தை ஒருபுறமும் பின்னால் கை வைத்தார்கள். நான் மண்காப்பைப் பிடித்துக்கொண்டேன். வண்டி பலகையில் பாதி தூரம் ஏறியது. அப்புறம் நகரவில்லை. வண்டி கனக்கிறது என்று நினைத்து நான் மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். அசையவே இல்லை. அண்ணாந்து பார்த்தேன். அம்மாவும் அத்தையும் தள்ளவில்லை. கீழே உருண்டுவிடாமல் தாங்கிக்கொண்டு மட்டும் நின்றார்கள். அம்மா அத்தையைப் பார்த்தார். அத்தை அம்மாவைப் பார்த்தார். என்ன பார்வை அது என்று எனக்கு விளங்கவில்லை. இருவரும் ஏதோ சொல்ல வாயெடுத்து, அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருப்பதுபோல இருந்தது.

"அண்ணே" என்றார் அத்தை, அப்பாவை.

"தள்ளும்மா" என்றார் அப்பா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

தள்ளினார்கள். வண்டி மேலே போயிற்று. அப்பா பலகையைத் தூக்கிக் கட்டிவிட்டுத் தன் வண்டியைக் கீழே நிறுத்தி, கைப்பிடியைத் திருப்பி வைத்தார். அன்றிரவு அம்மா எனக்குச் சோறு ஊட்டினார். எட்டு வயதுப் பெண்ணுக்கு ஊட்டுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

காலையில் என்னை எழுப்பியது மாமாவின் குரல். அவர் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. கொட்டகை வாசலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, கைலியோடு நின்றிருந்தார். கீழ் இடம் காலியாக இருந்தது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் மட்டும்.

"எப்பப் போனாரு? எத்தன நேரம் ஆச்சு?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்வதற்குள் கயிற்றை இழுத்து அவிழ்த்தார். பலகை தடாரென்று விழுந்தது. நாங்கள் முட்டுக் கொடுக்க ஓடுவதற்குள் தனியாகவே மேலே ஏறி வண்டியை இறக்கினார். வண்டி சரிந்து அவரைக் கொட்டகைச் சுவரோடு நசுக்கப் பார்த்தது. அத்தை கைப்பிடியைத் தாங்கிப் பிடித்தார். மாமா செருப்புக்கூடப் போடவில்லை. போர்வையை உடம்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, உதைத்துக் கிளப்பி, சந்தில் மறைந்துவிட்டார். ஒரு மனிதர் தன்னுடைய முறை போய்விட்டதே என்று இவ்வளவு ஆத்திரப்படுவாரா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அம்மாவும் அத்தையும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அடுப்பு மூட்டவில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று சொல்லிப் பார்த்தேன். குழந்தை அழுதது; அம்மா அதை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். 

வெயில் ஏறத் தொடங்கியபோது கோப்பிக் கடையில் வேலை பார்க்கும் சீனர் சந்துக்குள் ஓடிவந்தார். மலாயில்தான் சொன்னார். உங்கள் வீட்டு ஆட்கள், மோட்டார் சைக்கிளில், ஒருவர் மற்றவரை முதுகில் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம். ஒரே ரத்தம். "செப்பாட், செப்பாட்" என்று கையை வீசி அவசரப்படுத்தினார்.

யார் யாரைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று அவர் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினார்கள். நான் பின்னால் ஓடிக்கொண்டே, "யாருக்கும்மா? அப்பாவுக்கா, மாமாவுக்கா?" என்று கேட்டேன். அம்மா திரும்பவில்லை. அத்தையும் திரும்பவில்லை. குழந்தை அத்தையிடமா அம்மாவிடமா என்றுகூட இப்போது நினைவில்லை. யாரோ ஒருவர் தோளில் அது குலுங்கிக்கொண்டே வந்தது.

அடிபட்டது அப்பாவுக்கு. தோட்டத்துச் சாலையில் ஒரு வளைவில் குறுக்கே மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். அப்பா வேகத்தைக் குறைத்ததும் காட்டுக்குள்ளிருந்து சுட்டார்கள். தொடையில் குண்டு பாய்ந்து, வண்டியோடு பள்ளத்தில் விழுந்தார். செத்துவிட்டார் என்று நினைத்தார்களோ, பின்னால் வந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டுப் போலீஸ் என்று நினைத்தார்களோ, போய்விட்டார்கள். பின்னால் வந்தது மாமாவின் வண்டி. மாமா பள்ளத்தில் இறங்கி அப்பாவைத் தூக்கி, தன் போர்வையைக் கிழித்துத் தொடையில் ஒரு கட்டும், மிச்சத்தால் அப்பாவைத் தன் முதுகோடு சேர்த்து ஒரு கட்டும் போட்டு, காய்ச்சலோடு ஜாசின்வரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அப்பாவைப் பார்க்க எங்களை விட்டபோது பகல் சாய்ந்திருந்தது. அப்பா கட்டிலில் வெளுத்துப்போய்க் கிடந்தார். மாமா கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த சட்டை, அவருக்குச் சின்னது. அப்பா கண்ணைத் திறந்து எங்களையெல்லாம் பார்த்தார். கடைசியில் மாமாவைப் பார்த்தார். மாமா அதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார்.

"மச்சான், இன்னிக்கு என் மொறை" என்றார்.

"தெரியும்" என்றார் அப்பா.

"தெரிஞ்சும் ஏன் எடுத்தே? யாரக் கேட்டு என் வண்டிய மேல ஏத்தினே?"

"ஒனக்குக் காய்ச்சல்."

"காய்ச்சல்னா என்ன லா? எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதா? என் மொறைன்னா அது என் மொறைதான். நீ எப்படி எடுக்கலாம்?"

"கத்தாதே. ஆஸ்பத்திரி இது."

"கத்துவேன்!"

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. மலாய்க்கார நர்ஸ் ஒருவர் வந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். எனக்கு வெட்கம் பிடுங்கியது. அத்தனை நாளும் பேசாதிருந்த மனிதர், வாயைத் திறந்ததும் பேசுகிற பேச்சா இது? குண்டடிபட்டுக் கிடக்கிறவரிடம் கொட்டகையில் இடம் பிடித்ததற்குச் சண்டைக்குப் போகிறாரே! நான் அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அத்தே, மாமாவப் பேசாம இருக்கச் சொல்லுங்க. அப்பா பாவம்" என்றேன். அத்தை அழுதுகொண்டிருந்தார். அம்மாவும் அழுதுகொண்டிருந்தார். ஆனால் இருவர் முகமும் அழுகிற முகமாகவே இல்லை.

இதை நான் விளங்கிக்கொண்டது என் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான். ஆயர் குரோவில் எங்கள் வீட்டு முகப்பில் இரண்டு கார்கள் நிற்கலாம், ஒன்றன் பின் ஒன்றாக. காலையில் யார் கார் வழிமறித்து நிற்கிறது என்று மகன்கள் இருவரும் அன்றாடம் சத்தம் போடுவார்கள். எங்களோடு சில நாள் தங்க வந்திருந்த அத்தை அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாவும் மாமாவும் அப்போது போய்ச் சேர்ந்துவிட்டார்கள். "அப்பாவும் மாமாவும் இதே மாதிரிதானே அடிச்சுக்குவாங்க?" என்றேன். அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எடத்துக்காகத்தான்னா நெனச்சுக்கிட்டு இருக்கே இத்தன நாளா? காலைல அந்த ரோட்டுல மொதல்ல போற வண்டிக்குத்தான் லா ஆபத்து. ராத்திரியில மரத்த வெட்டிப் போட்டுட்டு உக்காந்திருப்பானுங்க. மொதல் ஆளு போயிட்டா, பின்னால வர்றவன் தப்பிச்சுக்குவான். அதுக்குத்தான் ரெண்டு பேரும் நான் முந்தி, நான் முந்தின்னு நின்னாங்க. வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. சொன்னா மத்தவன் விடமாட்டான்ல."

  பலகையில் பாதி ஏறிய வண்டியைத் தாங்கிக்கொண்டு இரண்டு அண்ணிகளும் நின்ற நிற்பு மட்டும் என் கண் முன்னால் வந்தது. மேலே தள்ளினால் அம்மாவுக்குப் புருஷன் முன்னே போவார், அத்தைக்கு அண்ணன் முன்னே போவார். இறக்கிவிட்டால் அம்மாவுக்கு அண்ணன், அத்தைக்குப் புருஷன். எந்தப் பக்கம் தள்ளச் சொல்லி யாரிடம் கேட்பது? நான் அவர்களுக்குக் கீழே நின்று, வண்டி கனக்கிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். கால் மட்டும் கடைசிவரை இழுத்தது. தோட்ட வேலைக்குத் திரும்பவில்லை. டவுனிலேயே ஒரு கடையில் கணக்குப் பார்த்தார். மாமா அதே சாலையில், அவசரகாலம் முடிகிறவரை, தனியாகப் போய் வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அப்பா இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே மாமா வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்த முதல் நாள் சாயங்காலம் அவர் வண்டியை உருட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். மேலே தளம் காலியாக இருந்தது. கீழேயும் காலிதான். எங்கே நிறுத்துவது என்று தெரியாதவர்போல வாசலில் நின்றார். வார்டில் அவர் சண்டை போட்டது எனக்கு இன்னும் மறக்கவில்லை. இருந்தாலும் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று என்னிடம் இருக்கிறது என்று தோன்றியது. பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்தேன்.

"மாமா, இனிமே ஏத்தி எறக்க வேணாம். தெனமும் ஒங்க வண்டிதான் கீழ. தெனமும் நீங்கதான் மொத ஆளு."

மாமா குனிந்து என்னைப் பார்த்தார். ரப்பர்ப் பால் வாடை அடிக்கும் கையால் என் தலையைத் தடவினார்.

"ஆமாம்மா" என்றார். "இனிமே தெனமும் நான்தான்."

மாமாவுக்குக் கோபம் போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்ல நான் உள்ளே ஓடினேன்.